ஓட்டில்லாதவர் ஒரு சொல்லை உடன்படிக்கைக்குள் எப்படி நுழைப்பது?

உங்கள் கேள்வியில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. மாற்றுத்திறனாளிகள் உரிமை பற்றிய ஒரு சர்வதேச வரைவுப் பேச்சுவார்த்தைக்கு உங்கள் அமைப்பிலிருந்து ஒருவர் பார்வையாளராகப் போக அனுமதி வந்திருக்கிறது; ஓட்டு அரசுகளுக்கு மட்டும்தான்; எல்லாம் முன்பே முடிவாகிவிட்ட நாடகத்துக்கு எதற்குச் செலவழிக்க வேண்டும் என்று கேட்கிறீர்கள். அதாவது, வாசகம் உண்மையில் எங்கே எழுதப்படுகிறது என்பது ஒன்று. ஓட்டில்லாத ஒருவர் அந்த இடத்துக்கு எதை எடுத்துக்கொண்டு, எப்போது போனால் அது வாசகத்தில் ஏறும் என்பது மற்றொன்று. நாடகம் என்று நீங்கள் சொன்னது பாதி சரி. பெரிய அரங்கில் மைக் முன்னால் நடப்பதில் பெரும்பகுதி, தலைநகரிலிருந்து எழுதி வந்த தாளை வாசிப்பதுதான். அந்தத் தாளை யார் எழுதினார்கள், யார் சொல்லி எழுதினார்கள் என்பதில்தான் உங்களுக்கு இடம் இருக்கிறது.

விளக்கத்துக்கு, 2006 டிசம்பர் 13 அன்று ஐ.நா. பொதுச் சபை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான உடன்படிக்கையையே அதிகம் எடுத்துக்கொள்கிறேன். ஓட்டில்லாதவர்கள் ஒரு மனித உரிமை உடன்படிக்கையின் உள்ளடக்கத்தில் இந்த அளவுக்குக் கைவைத்தது அபூர்வம். அதற்கு முன் இதே முயற்சி இருமுறை தோற்றிருக்கிறது. 1987-இல் இத்தாலியும் 1989-இல் ஸ்வீடனும் தனி உடன்படிக்கை கேட்டன. ஏற்கெனவே இருக்கும் மனித உரிமை உடன்படிக்கைகள் எல்லா மனிதர்களுக்கும் பொருந்துமே, தனியாக ஒன்று எதற்கு என்று மற்ற அரசுகள் கேட்டன, பேச்சு அங்கேயே நின்றது. ஆறுதல் பரிசாகக் கிடைத்தவை 1993-இன் 22 நெறிமுறை விதிகள். நல்ல விதிகள்தாம், ஆனால் எந்த அரசையும் சட்டப்படி கட்டுப்படுத்தாதவை. 2001-இல் மெக்சிகோவின் முயற்சியால் 56/168 என்ற தீர்மானம் வந்தது, ஒரு தற்காலிகக் குழு பிறந்தது. அந்தத் தீர்மானத்தின் வாசகத்தைக் கவனியுங்கள்: உடன்படிக்கையை "எழுதுவதற்கான" குழு என்று அதில் இல்லை, உடன்படிக்கைக்கான "முன்மொழிவுகளைப் பரிசீலிக்கும்" குழு என்றுதான் இருந்தது. எழுதாமலே கலைந்து போவதற்கும் வழி விட்டுவைத்த சொல் அது. 2003-இல் நடந்த இரண்டாவது அமர்வில்தான் ஒரு வரைவைத் தயாரிக்கப் பணிக்குழு அமைப்பதென்று முடிவானது. ஆகவே நீங்கள் போகும் கூட்டத்துக்கும் முதல் வேலை, அதை உருவாக்கிய தீர்மானத்தை எழுத்தெண்ணிப் படிப்பது. ஆராய வந்த கூட்டத்தில் போய் வாசகத்தைத் திருத்தப் பேசுவதும், திருத்த வந்த கூட்டத்தில் போய் கொள்கை உரை நிகழ்த்துவதும் ஒரே மாதிரி வீண்.

இப்போது ஒரு கணக்கு. 2002 ஜூலை இறுதியில் முதல் அமர்வு, 2006 ஆகஸ்டில் எட்டாவது அமர்வு. ஏழாவது மட்டும் மூன்று வாரம், மற்றவை இரண்டிரண்டு வாரம். மொத்தம் 17 வாரம். பணிக்குழு கூடிய இரண்டு வாரத்தையும் சேர்த்தால் 19. நான்கு ஆண்டுக்கும் மேற்பட்ட காலத்தில் அரசுகள் அறைக்குள் இருந்தது அவ்வளவுதான். மீதி நாட்களில்தான் தலைநகரங்களில் கோப்புகள் நகர்ந்தன. நிதி அமைச்சகம் செலவைக் கேட்டது, சட்ட அமைச்சகம் காப்பாளர் சட்டம் என்னவாகும் என்று கேட்டது, சுகாதாரத் துறை மனநல மருத்துவமனைகளைப் பற்றிக் கேட்டது. இவையெல்லாம் ஒத்துப்போன பிறகுதான் அறையில் உட்காரும் அதிகாரியின் கைக்கு அறிவுறுத்தல் வரும். வந்த பிறகு அவரிடம் நீங்கள் எவ்வளவு உருக்கமாகப் பேசினாலும் அவரால் கமாவைத்தான் மாற்ற முடியும். அதனால் அமர்வுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே உங்கள் நாட்டின் அமைச்சகங்களில் தாளைச் சேர்த்துவிட வேண்டும். அனுபவத்தில் சொல்லும் தோராயம் இது. சில நாடுகளில் இன்னும் முன்னதாகவே கதவு சாத்தப்படும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் ஒரே குரலில் பேசுவதால், அவற்றில் ஒன்றை அறைக்கு வந்து அணுகுவதில் பெரிய பயனில்லை. அவர்கள் தமக்குள் ஒத்துப்போகும் கட்டத்திலேயே பிடிக்க வேண்டும்.

வாசகம் பிறக்கும் விதத்தில் சில கட்டங்கள் மென்மையானவை, சில கெட்டியானவை. மிக மென்மையானது முதல் வரைவு. 2004 ஜனவரியில் கூடிய பணிக்குழுவில் 40 இருக்கைகள்: 27 அரசுகள், 12 தன்னார்வ அமைப்புகள், ஒரு தேசிய மனித உரிமை நிறுவனம். ஓட்டில்லாதவர்கள் அரசுகளுக்குச் சமமாக உட்கார்ந்து எழுதிய கட்டம் அது ஒன்றுதான். அங்கே ஏறிய சொல்லை எடுக்க வேண்டுமென்றால் எடுப்பவர் காரணம் சொல்ல வேண்டும். ஏறாமல் போனதைச் சேர்க்க வேண்டுமென்றால் சேர்ப்பவர் கூட்டணி திரட்ட வேண்டும். இரண்டும் ஒரே உழைப்பு அல்ல. அதன்பின் வருவது வாசிப்புகள், அதாவது வரைவைச் சரத்து சரத்தாக எடுத்து விவாதிக்கும் சுற்றுகள். ஒவ்வொரு நாடும் திருத்தம் கொடுக்கக் கொடுக்க, ஒத்துப்போகாத சொற்களைச் சுற்றிச் சதுர அடைப்புக்குறிகள் முளைக்கும். ஒரு வரி நாலு வரியாகி, படிக்கவே முடியாத நிலைக்கு வரும். அப்போது தலைவர் தன் பெயரில் ஒரு சுத்தமான வரைவை வெளியிடுவார். இந்த உடன்படிக்கையில், ஈக்வடாரின் லூயிஸ் காயேகோஸுக்குப் பின் தலைமையேற்ற நியூசிலாந்தின் டான் மெக்கே 2005 அக்டோபரில் அப்படியொரு வாசகத்தைச் சுற்றுக்கு விட்டார். ஏழாவது அமர்விலிருந்து எல்லாமே அதை வைத்துத்தான் நடந்தது. தலைவரின் வரைவு வரப்போகிறது என்ற வாடை அடித்ததும் உங்கள் முழுக் கவனமும் அவருடைய மேசைக்குப் போக வேண்டும். ஓர் அடைப்புக்குறியை உடைக்க அவருக்கு எல்லோரும் தாங்கிக்கொள்ளக்கூடிய ஒரு நடுவாசகம் தேவை. அதைத் தயாராக வைத்திருப்பவரை அவர் தேடுவார்.

கடைசிக் கட்டம் கெட்டியானது. "எல்லாம் ஒப்புக்கொள்ளப்படும்வரை எதுவும் ஒப்புக்கொள்ளப்பட்டதல்ல" என்பது எழுதாத விதி. எட்டாவது அமர்வின் கடைசி நாட்களில் இதன் இரண்டு முகங்களும் தெரிந்தன. அந்நிய ஆக்கிரமிப்பு என்ற சொல் முகவுரையில் வரலாமா என்பதற்கு மட்டும் ஓட்டெடுப்பு நடந்தது. 102 நாடுகள் ஆதரித்தன, 5 எதிர்த்தன. மாற்றுத்திறனோடு நேரடித் தொடர்பில்லாத ஓர் அரசியல் சண்டை, நான்காண்டு உழைப்பின் கடைசி மணிநேரத்தைத் தின்றது. இன்னொன்று 12-ஆம் சரத்தின் அடிக்குறிப்பு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் தொழில் முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது.

12-ஆம் சரத்து சட்டத் தகுதி பற்றியது. இந்தச் சொல்லுக்குள் இரண்டு பொருள்கள் உண்டு. சொத்துக்கு உரிமையாளராக இருக்கும் தகுதி ஒன்று. அந்தச் சொத்தைத் தானே விற்க, வாடகைக்கு விட, கையெழுத்திடும் தகுதி மற்றொன்று. முதலாவது கைக்குழந்தைக்கும் உண்டு. இரண்டாவதைத்தான் அறிவுசார் மாற்றுத்திறன் உள்ளவர்களிடமிருந்தும் உளவியல் ரீதியான மாற்றுத்திறன் உள்ளவர்களிடமிருந்தும் காப்பாளர் சட்டங்கள் பறித்துக்கொள்கின்றன. சரத்தின் வாசகம் இரண்டையும் தழுவும்படி, "மற்றவர்களோடு சமமாக வாழ்வின் எல்லாக் கூறுகளிலும்" என்று முடிந்தது. உடனே, அரபு, சீனம், ரஷ்ய மொழிகளில் இந்தச் சொல் உரிமை பெறும் தகுதியை மட்டுமே குறிக்கும், செயல்படும் தகுதியை அல்ல என்று ஓர் அடிக்குறிப்பு வரைவோடு ஒட்டிக்கொண்டது. அது நின்றிருந்தால் ஒரே உடன்படிக்கை மூன்று மொழிகளில் ஒன்றும் மற்ற மூன்றில் வேறொன்றுமாகச் சொல்லியிருக்கும். ஆறு மொழிகளின் வாசகமும் சம அதிகாரமுள்ளது என்கிறது 50-ஆம் சரத்து. ஆகஸ்டுக்கும் டிசம்பருக்கும் இடையில் மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் தலைநகரம் தலைநகரமாக இதற்காகவே உழைத்தன. டிசம்பர் 5 அன்று குழு மீண்டும் கூடியபோது அந்த அடிக்குறிப்பு வாசகத்தில் இல்லை. "மொழிபெயர்ப்பு விஷயம்தானே" என்று யாராவது சொன்னால் அங்கே உட்கார்ந்துகொள்ளுங்கள். பொருளைக் கரைக்க நினைப்பவர்கள் கடைசியில் வரும் இடம் அது.

சண்டை கொள்கைகளில் நடப்பதாக வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். உள்ளே அது வினைச்சொல்லில் நடக்கிறது. உரிமையை "உறுதிசெய்ய வேண்டும்" என்பதும், "உறுதிசெய்யத் தகுந்த நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்பதும், "ஊக்குவிக்க வேண்டும்" என்பதும் மூன்று படிகள். முதலாவதில் முடிவுக்கே அரசு பொறுப்பு; இரண்டாவதில் முயற்சிக்குப் பொறுப்பு; மூன்றாவதில் ஒரு சுவரொட்டி ஒட்டினாலும் கடமை முடிந்தது என்று வாதாடலாம். "தேசியச் சட்டத்துக்கு இணங்க" என்ற சொற்றொடர் வரைவில் தென்பட்டால் உடனே குரல் எழுப்புங்கள். முன்வரியில் கொடுத்ததைப் பின்வரியில் பிடுங்கிக்கொள்ளும் கொக்கி அது. "மட்டுமே" என்ற ஒற்றைச் சொல்லும் அப்படித்தான். 14-ஆம் சரத்தில், மாற்றுத்திறன் இருப்பது "எந்த நிலையிலும்" ஒருவருடைய சுதந்திரத்தைப் பறிப்பதற்குக் காரணமாகாது என்று இருக்கிறது. மாற்றுத்திறன் "மட்டுமே" காரணமாகாது என்று எழுதலாம் என முன்மொழிந்தார்கள். அது ஏறியிருந்தால், மாற்றுத்திறனோடு ஆபத்து என்ற இன்னொரு காரணத்தையும் சேர்த்துக் காட்டி அடைத்துவைக்க வாசகமே கதவைத் திறந்திருக்கும். அந்தச் சொல் ஏறவில்லை.

சில நேரம் தோல்வியைக் குறைப்பதே வெற்றி. கட்டாய மருத்துவச் சிகிச்சைக்கு நிபந்தனைகள் விதிக்கும் வாசகம் 17-ஆம் சரத்துக்கு முன்மொழியப்பட்டது. பார்க்கப் பாதுகாப்பு போலிருக்கும். ஆனால் நிபந்தனை விதித்தாலே, கட்டாயம் செல்லும் என்று உடன்படிக்கை ஒப்புக்கொண்டதாகிவிடும். மனநலச் சிகிச்சைக்கு ஆளானவர்களின் அமைப்புகள் அதைவிட வெறுமை மேல் என்றன. இன்று 17-ஆம் சரத்து ஒரே வாக்கியம்: உடல், உள்ள முழுமை மதிக்கப்படும் உரிமை மற்றவர்களோடு சமமாக உண்டு, அவ்வளவுதான். மெலிந்த சரத்து என்று குறைசொல்பவர்கள், அந்த இடத்தில் என்ன வந்திருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மாற்றுத்திறன் என்றால் என்ன என்று வரையறுக்காமல் விட்டதும் தெரிந்தே செய்ததுதான். 2-ஆம் சரத்தில் ஐந்து சொற்களுக்கு வரையறை உண்டு, மாற்றுத்திறனுக்கு இல்லை. அதற்குப் பதிலாக 1-ஆம் சரத்தில், நீண்டகாலக் குறைபாடும் சுற்றியுள்ள தடைகளும் சேர்ந்து சமமான பங்கேற்பைத் தடுக்கும் நிலையில் இருப்போரை "உள்ளடக்கும்" என்று வருகிறது. "என்றால்" என்று எழுதாமல் "உள்ளடக்கும்" என்று எழுதியதால் பட்டியல் மூடப்படவில்லை. இதில் இன்னொரு நல்ல பேரம், தகுந்த வசதி செய்துதருதல், அதாவது ஒருவருடைய தேவைக்கேற்ப மாற்றம் செய்துகொடுத்தல், பற்றியது. அளவுக்கு மீறிய சுமை இல்லாத நிலையில் அதை மறுப்பதே பாகுபாடு என்று வரையறைக்குள் வைத்துவிட்டார்கள். பொருளாதார, சமூக உரிமைகளை வசதிக்கேற்பப் படிப்படியாக நிறைவேற்றலாம் என்று 4-ஆம் சரத்து அரசுகளுக்கு மூச்சுவிட இடம் கொடுக்கிறது. பாகுபாட்டுக்கு அந்தத் தவணை கிடையாது. எனவே ஒரு கோரிக்கையைச் சேவைப் பிரிவில் வைக்கிறீர்களா, பாகுபாட்டுப் பிரிவில் வைக்கிறீர்களா என்பது அதன் ஆயுளையே தீர்மானிக்கும்.

இனி கையில் எடுத்துப்போக வேண்டியது. ஒரு பக்கம், அதற்கு மேல் வேண்டாம். மேலே சரத்தின் எண்ணும் இப்போதைய வாசகமும். எடுக்க வேண்டியதை அடித்தும் சேர்க்க வேண்டியதைக் கோடிட்டும் காட்டுங்கள். கீழே மூன்று வாக்கியத்தில் காரணம். அதன்கீழ், இதே சொற்கள் அரசுகள் முன்பு ஒப்புக்கொண்ட எந்த உடன்படிக்கையில் வந்திருக்கின்றன என்ற குறிப்பு. கடைசியாகச் சொன்னதன் மதிப்பு பலருக்குத் தெரிவதில்லை. புதிய சொல் என்றால் அதிகாரி தலைநகரைக் கேட்க வேண்டும். ஏற்கெனவே கையெழுத்திட்ட சொல் என்றால் அங்கேயே தலையசைக்கலாம். ஒரு மாற்று வாசகத்தையும் எழுதி வையுங்கள், ஆனால் அதை அந்தத் தாளில் போடாதீர்கள். இறங்கிவரும் படி முதலிலேயே தெரிந்தால் பேரம் அங்கிருந்துதான் தொடங்கும். பிறகு, வேறுவேறு பிராந்தியங்களைச் சேர்ந்த மூன்று நாடுகளைப் பிடியுங்கள். ஒரு நாடு சொன்னால் அது அந்த நாட்டின் விருப்பம். ஆப்பிரிக்காவிலிருந்து ஒன்று, லத்தீன் அமெரிக்காவிலிருந்து ஒன்று, ஆசியாவிலிருந்து ஒன்று சொன்னால் தலைவர் அதை அறையின் போக்காக எடுத்துக்கொள்வார். சிறிய நாடுகளைத் தள்ளிவைக்காதீர்கள். அங்கே ஒரே அதிகாரி ஒரே வாரத்தில் நாலைந்து குழுக்களுக்கு ஓடிக்கொண்டிருப்பார். தெளிவாக எழுதிய ஒரு தாள் அவருக்கு உதவி, தொந்தரவு அல்ல.

உள்ளே போவதா, வெளியே நிற்பதா என்ற சங்கடமும் வரும். அரசே தன் தூதுக்குழுவில் மாற்றுத்திறனாளி ஒருவரைச் சேர்க்க முன்வரலாம். சேர்ந்தால் பார்வையாளர்களை வெளியேற்றும் மூடிய கூட்டங்களிலும் இருக்கலாம், அறிவுறுத்தல் எப்படி வருகிறது என்று தெரியும். ஆனால் மைக்கில் அரசின் நிலைப்பாட்டைத்தான் பேச வேண்டும், அது உங்கள் அமைப்பின் நிலைப்பாட்டுக்கு எதிராக இருந்தாலும். முடிந்தால் ஒருவர் உள்ளேயும் ஒருவர் வெளியேயும் இருப்பது நல்லது. ஒரே ஆள் இரண்டு தொப்பியும் போட்டால் இரு பக்கமும் நம்பாது.

வெளியே இருப்பவர்களுக்குள் ஒற்றுமை இல்லாவிட்டால் மேலே சொன்ன எதுவும் எடுபடாது. கல்வி பற்றிய 24-ஆம் சரத்து இதற்குப் பாடம். எல்லாக் குழந்தைகளும் பொதுப்பள்ளியில் சேர்ந்து படிக்க வேண்டும் என்பது அறிவுசார் மாற்றுத்திறன் உள்ளவர்களின் அமைப்புகளுக்கு உயிர்நாடி. அதே வாசகம் சைகைமொழிப் பள்ளிகளை மூடிவிடுமோ என்பது காதுகேளாதோர் அமைப்புகளின் அச்சம். பார்வையற்றோருக்கும், பார்வையும் செவியும் ஒருங்கே இல்லாதோருக்கும் அதே கவலை. இதை அரசுகளின் முன்னால் சண்டையாகப் போட்டிருந்தால், நீங்களே ஒத்துப்போகாதபோது நாங்கள் எதற்கு என்று சரத்தையே சுருக்கியிருப்பார்கள். சர்வதேச மாற்றுத்திறனாளிகள் கூட்டமைப்பு தனக்குள் பேசித் தீர்த்துக்கொண்டு ஒரே வாசகத்தோடு வந்தது. அதனால்தான் இன்று அந்தச் சரத்தில் எல்லோரையும் உள்ளடக்கும் கல்வியும் இருக்கிறது. இந்த மூன்று பிரிவுக் குழந்தைகளுக்கு ஏற்ற மொழியிலும் முறையிலும், கல்வியும் சமூக வளர்ச்சியும் மிகுதியாகும் சூழலில் கற்பித்தல் என்ற துணைப்பிரிவும் இருக்கிறது. தினமும் காலையில் அமர்வு தொடங்குமுன் எல்லா அமைப்புகளும் கூடி அன்றைய சரத்துக்கு யார் பேசுவது, யார் எந்த நாட்டைப் பார்ப்பது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். பேச்சுக்கு மூன்று நிமிடம் கிடைத்தாலே அதிகம். எட்டு அமைப்புகள் எட்டுத் தனிக் கோரிக்கை வைப்பதைவிட ஒரே கோரிக்கையை மூவர் சொல்வது பதியும்.

அணுகல்தன்மையைப் பற்றிப் பேசும் கூட்டமே அணுக முடியாததாக இருப்பது இந்தத் துறையின் பழைய வேடிக்கை. அழைப்பை ஏற்கும்போதே எழுத்தில் கேளுங்கள். சைகைமொழிபெயர்ப்பாளர் ஒருவர் போதாது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ள இருவராவது வேண்டும். சர்வதேசச் சைகை எல்லாக் காதுகேளாதோருக்கும் தெரியும் என்று அமைப்பாளர்கள் நினைத்துக்கொள்வார்கள், அது தவறு. தம் நாட்டுச் சைகைமொழிபெயர்ப்பாளரை உடன் அழைத்துப்போகச் செலவு யாருடையது என்று முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள். உதவியாளரின் பயணச்சீட்டும் தங்குமிடமும் அப்படியே. ஆவணங்கள் ஸ்கேன் செய்த படமாக வந்தால், எழுத்தைக் குரலாக்கும் மென்பொருளான திரைவாசிப்பான் படிக்காது. திருத்தக்கூடிய கோப்பாகத் தரச் சொல்லுங்கள். எல்லாவற்றிலும் பெரிய சிக்கல் நேரம். இரவு பத்து மணிக்குப் புது வாசகம் வரும், காலை பத்து மணிக்கு விவாதம். பிரெயிலில் எடுக்கவோ எளிய நடையில் மாற்றவோ அந்த இடைவெளி போதாது. இரவோடிரவாக அதைச் செய்ய ஓர் ஆளை ஒதுக்காவிட்டால், பார்வையற்றவரும் அறிவுசார் மாற்றுத்திறன் உள்ளவரும் அறையில் இருந்தும் இல்லாதவர்களாகிவிடுவார்கள்.

வாசகம் முடிந்தால் வேலை முடியாது. 2007 மார்ச் 30 அன்று கையெழுத்துக்குத் திறந்தபோது முதல் நாளிலேயே 82 கையெழுத்துகள் விழுந்தன. ஆனால் கையெழுத்து வேறு, நாட்டைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஏற்புறுதி வேறு. 20-ஆவது ஏற்புறுதி வந்த பின்னர்தான் 2008 மே 3 அன்று உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கா 2009-இல் கையெழுத்திட்டது. 2012-இல் அதன் செனட்டில் 61 பேர் ஆதரித்தும் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காததால் ஏற்புறுதி நின்றுபோனது. ஏற்பவர்களும் "ரிசர்வேஷன்" எழுதிக்கொடுக்கலாம். இங்கே அதற்கு இடஒதுக்கீடு என்று பொருளில்லை. இந்தச் சரத்து என்னை இந்த அளவுக்குத்தான் கட்டுப்படுத்தும் என்று நாடு வைத்துக்கொள்ளும் விலக்கு. உடன்படிக்கையின் நோக்கத்துக்கே முரணான விலக்கு செல்லாது என்கிறது 46-ஆம் சரத்து, ஆனால் எது முரண் என்று சொல்ல ஒரு நீதிமன்றத்தை அது ஏற்படுத்தவில்லை.

இதுவரை சொன்னவை பதிவில் உள்ளவை. தீராதவையும் உண்டு. 12-ஆம் சரத்து எல்லா வகைக் காப்பாளர் முறையையும் ஒழிக்கச் சொல்கிறதா? உடன்படிக்கையின் கண்காணிப்புக் குழு 2014-இல் தன் முதல் பொதுக் கருத்துரையில் ஆம் என்றது. ஒருவருக்காக மற்றவர் முடிவெடுக்கும் முறை போய், அவரே முடிவெடுக்கத் துணைநிற்கும் முறை வர வேண்டும் என்றது. ஆஸ்திரேலியாவும் கனடாவும் ஏற்புறுதியின்போதே, ஒருவருக்குப் பதிலாக மற்றவர் முடிவெடுக்கும் முறையைப் பாதுகாப்புகளோடு சரத்து அனுமதிப்பதாகத் தாம் புரிந்துகொள்வதாக எழுதிக்கொடுத்தன. குழுவின் கருத்துரைக்கு எடை உண்டு, ஆனால் உடன்படிக்கை வாசகத்தின் கட்டுப்படுத்தும் பலம் அதற்கு இல்லை. என் பார்வையில் வாசகத்தின் போக்கு குழுவின் பக்கமே சாய்கிறது; எனினும் அரசுகள் எல்லாம் அப்படிப் புரிந்துகொண்டுதான் கைதூக்கின என்று சொல்ல மாட்டேன். தெளிவாக எழுதினால் உடையும் இடத்தில், இரு பக்கமும் தன் பொருளைப் படித்துக்கொள்ளும்படி எழுதுவது பேச்சுவார்த்தைக் கலையின் ஒரு பகுதி. அந்தத் தெளிவின்மையின் விலையைப் பின்னால் நீதிமன்றங்களில் செலுத்த வேண்டிவரும். ஓட்டில்லாதவர்களின் பங்கு எவ்வளவு என்பதையும் எடைபோட்டுச் சொல்வது கடினம். ஒரு முன்மொழிவும் இறுதி வாசகமும் ஒன்றுபோல் இருப்பதால் மட்டும், அதனால்தான் இது வந்தது என்று ஆகிவிடாது. முறைசாராக் கூட்டங்களில் பேசியதற்கு முழுப் பதிவு இருப்பதில்லை.

இந்த வழி எல்லாக் களத்துக்கும் அப்படியே பொருந்தாது. பார்வையற்றோருக்கான நூல்கள் பற்றி 2013 ஜூனில் மராகேஷில் ஏற்கப்பட்ட உடன்படிக்கையில் எதிர்ப்பக்கம் பதிப்புரிமைத் துறை இருந்தது. அங்கே பேரம் உரிமையின் மொழியில் நடக்கவில்லை. விதிவிலக்கு எவ்வளவு குறுகலாக இருக்க வேண்டும் என்பதில் நடந்தது. எழுத்து வடிவப் படைப்புகளோடு எல்லை நின்றது, திரைப்படங்கள் வெளியே போயின. அதனால் காதுகேளாதோருக்கு அதில் பங்கில்லை. தொழில்நுட்பத் தரங்கள் இன்னும் வேறு. சர்வதேசத் தரநிர்ணய அமைப்பான ஐ.எஸ்.ஓ.வில் ஓட்டு நாடுகளின் தரநிர்ணய அமைப்புகளுக்குத்தான். உங்கள் நாட்டு அமைப்பின் துணைக்குழுவில் இடம்பிடித்தால்தான் வழி. அங்கே கருத்துப் படிவத்தில் பிரிவு எண், கருத்து, முன்மொழியும் மாற்று வாசகம் என்று கட்டங்கள் உண்டு. கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்ட கருத்துக்கு, "கவனிக்கப்பட்டது" என்ற மரியாதையான மறுப்புதான் பெரும்பாலும் கிடைக்கும். அளவில்லாத தேவையும் அங்கே நிற்காது. இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டியில் சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தபட்ச நிற மாறுபாடு 4.5:1 என்று இருப்பதால் எவரும் சோதித்துப் பார்க்கலாம். "எளிதில் புரியும்படி" என்ற தேவையைச் சோதிக்க வழி தெரியாததால்தான் புரிதல் சார்ந்த பல தேவைகள் வழிகாட்டியின் மூன்று நிலைகளில் உச்சமான AAA நிலையிலேயே தங்கிவிட்டன, அல்லது ஏறவே இல்லை.

ஆகவே போங்கள், ஆனால் ஒருவரை மட்டும் அனுப்பாதீர்கள். ஒருவர் அறையில் உட்கார்ந்து வாசகம் நகர்வதைச் சொல்லுக்குச் சொல் குறித்துக்கொள்ள வேண்டும். மற்றொருவர் காபி மேசையிலும் தாழ்வாரத்திலும் நிற்க வேண்டும். மூன்றாமவர் பயணம் செய்ய வேண்டியதில்லை. உங்கள் அமைப்பின் சார்பில் சரி, இல்லை என்று சொல்லும் அதிகாரத்தோடு ஊரில் தொலைபேசியருகே விழித்திருந்தால் போதும். இரவில் ஓர் அதிகாரி, "இந்தச் சொல்லை இப்படி மாற்றினால் உங்களால் ஏற்க முடியுமா?" என்று கேட்பார். அதற்கு ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொல்ல முடியாவிட்டால், காலையில் நீங்கள் அறைக்குள் நுழையும்போது அந்த வரியைச் சுற்றியிருந்த அடைப்புக்குறி எடுக்கப்பட்டிருக்கும்.